ஐந்து அப்பமும் காணிக்கை உறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் எங்கள் ஊரில் நடந்த செபக்கூட்டம் ஒன்றில் வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் ஒரு பையனிடம் இருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் இயேசு பெருக்கி, ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்த அற்புதத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர்தான். ஆனால் விசுவாசம் உள்ளவன் வீட்டில் சட்டி காலியாகாது என்றார். அந்தப் பையன் கையில் இருந்ததைக் கொடுத்தபடியால்தான் பன்னிரண்டு கூடை மிஞ்சியது, நீங்களும் கொடுங்கள், பல மடங்காக வரும் என்று சொல்லி, பெயரும் செபத் தேவையும் எழுதிக் காணிக்கை போட உறையும் கொடுத்தார்கள்.

நான் மறைக்கல்வி படிப்பித்தவள். இயேசுவின் உயிர்ப்பை விட்டால் நான்கு நற்செய்தியிலும் வருகிற ஒரே அற்புதம் இதுதான். பையன் யோவான் நற்செய்தியில் மட்டும் வருகிறான். அவனிடம் இருந்தது வாற்கோதுமை அப்பம், கோதுமை வாங்க வழியில்லாத ஏழைகளின் சாப்பாடு. திரும்பக் கிடைக்கும் என்று நினைத்து அவன் கொடுத்ததாக ஒரு வரியும் இல்லை. பன்னிரண்டு கூடையும் அவன் வீட்டுக்குப் போனதாகவும் இல்லை. (அந்த அப்பத்தைக் கட்டிக் கொடுத்துவிட்ட தாயைப் பற்றித்தான் ஒருவரும் எழுதவில்லை.) 200 தெனாரியத்துக்கு வாங்கினாலும் போதாது என்றார் சீடர் பிலிப்பு. கூலிக்காரனுக்கு அது 200 நாள் சம்பளம். அப்படிக் கணக்குப் பார்த்ததற்காக ஆண்டவர் அவரை ஏசவில்லை.

நாங்களும் கணக்குப் பார்த்தவர்கள்தான். 2009இல் கடைசிப் போரின்போது மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று சனம் ஒதுங்கிக்கொண்டே போனது. செஞ்சிலுவைக் கப்பல் கரைக்கு வந்தால் கொஞ்சம் உணவு இறங்கும். அது அத்தனை பேருக்கும் எந்த மூலைக்கு? கடைசியில் அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சிதான். கிடாரத்தின் அடியில் அகப்பை உரசும் சத்தம் கேட்டால், வரிசையின் பின்னால் நிற்கிற தாய்மாருக்கு விளங்கிவிடும். செபமாலை போட்டவர்களும் நின்றார்கள், திருநீறு பூசியவர்களும் நின்றார்கள். உணவு வரிசையிலேயே ஷெல் விழுந்து செத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு விசுவாசம் போதாமல் போய்விட்டது என்று சொல்ல இந்தத் தம்பிக்கு எப்படி வாய் வந்தது?

எனக்கு அற்புதத்தில் நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாரும் மடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துப் பகிர்ந்தார்கள், நடந்தது அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. அப்பம் பெருகியதுதான். அப்படியென்றால் முள்ளிவாய்க்காலில் ஏன் பெருகவில்லை, ரீச்சர் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. தெரியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான். ஆனால் ஒன்று சொன்னேன். சனத்தை அனுப்பிவிடுங்கள், ஊர்களுக்குப் போய் வாங்கிச் சாப்பிடட்டும் என்று சீடர்கள் கேட்டபோது, நீங்களே கொடுங்கள் என்றார் ஆண்டவர். ஷெல்லடிக்குள் அடுப்பு மூட்டிக் கிடாரம் வைத்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வேதாகமத்தைத் திறந்தும் பார்க்காதவர்கள்.

இன்னொன்று. வயிறு நிறைந்த சனம் தம்மைப் பிடித்து அரசராக்கப் பார்க்கிறது என்று தெரிந்ததும் ஆண்டவர் தனியே மலைக்குப் போய்விட்டார். அங்கே ஒருவரிடமும் காணிக்கை எடுக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் போரில் புருஷனை இழந்த பிள்ளை ஒன்று இருக்கிறது. நுண்கடன் தவணைக்கு எடுத்து வைத்திருந்த காசை அந்த உறையில் போட்டுவிட்டு வந்திருக்கிறது. தவணைக்காரர் படலையில் வந்து நின்றபோது அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. பல மடங்கும் வரவில்லை, போட்டதும் வரவில்லை.

கூட்டம் நடத்தியவர்களிடம் உறைகள் பெயரோடு இருக்கும். அவளுடைய காசைத் திருப்பிக் கொடுக்கட்டும். அவளைப் போல் கடன் காசைப் போட்ட மற்றத் தாய்மாருடையதையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை,
புதுக்குடியிருப்பு.