தீ நகரும் சூளை

நாகர்கோவில்

அன்புள்ள தாணு,

பெர்லினில் மகள் வீட்டிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகிறது. பேரனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. என் முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மற்ற வீட்டுச் செய்திகளை நேரில் சொல்கிறேன். இப்போது உனக்கு ஒரு செங்கல் சூளையைப் பற்றி எழுத வேண்டும்.

பெர்லினுக்கு வடக்கே, ஹாவெல் ஆற்றோரம், மில்டென்பெர்க் என்று ஓர் ஊர். 1887-இல் அந்த வட்டாரத்தில் ரயில் பாலம் கட்டத் தோண்டியபோது களிமண் அகப்பட்டதாம். அதன் பிறகு கரையெல்லாம் சூளைகள். சுட்ட கற்கள் படகேறிப் போய் பெர்லினில் வீடுகளாயின. 1991-இல் வேலை நின்றுபோனது. ஆனால் இடிக்கவில்லை, அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்.

சூளைக்குள் போய்ச் சுவரைத் தொட்டதும் எனக்கு நம் செண்பகராமன்புதூர் சூளை, நாம் சேம்பர் என்று சொல்வோமே, அதுதான் கண்ணில் நின்றது. அதே வளைந்த கூரை, அதே வாசல்கள். அடுக்கிய கல் அசையாது. தீதான் அறை அறையாக நகர்ந்து சுற்றி வரும். ஆறிக்கொண்டிருக்கும் கல்லின் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று தீயிடம் போகும். தீயைக் கடந்த புகை, முன்னால் இருக்கும், இன்னும் சுடாத பச்சைக்கல்லைச் சூடேற்றிவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகும். எவ்வளவு சிக்கனம் பார்! ஹோஃப்மன் என்ற ஜெர்மானியர் 1858-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. பள்ளிக்கூடம் விட்டதும் நாம் ஓடி விளையாடிய இடத்துக்கு இவ்வளவு நீண்ட வேர் இருந்திருக்கிறது.

மேல்தளத்துக்கும் ஏறினேன். தரையெங்கும் கரி போடும் துளைகள், இரும்பு மூடிகள். உன் அப்பா அப்படி ஒரு மூடியைக் கம்பியால் தூக்கி, முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு உள்ளே பார்ப்பாரே! ஒரு துளை மட்டும் திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்; மகள்தான் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

நம் சேம்பர் இப்போது இல்லை, தாணு. புகைபோக்கியை இடித்து மனை போட்டுவிட்டார்கள். அம்மா கல் அறுத்த மர அச்சு மட்டும் என் வீட்டுப் பரணில் கிடந்தது. எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். மூலையில் காய்ந்திருக்கும் மண்ணைத் தட்டிவிட மனம் வரவில்லை.

தீயின் நிறத்தைப் பார்த்து உன் அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார். எனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. உனக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்பு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கு; தோவாளைப் பக்கம் இன்னும் எரிகிற சூளைகளுக்குப் போய், பழைய ஆட்களிடம் மீதியையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மணி