சபைக்குச் சாமான் கொடுக்க ஆள் பிடிக்கத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மருதனார்மடச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், ஜன்னல் கிராதி, தண்ணீர்த் தாங்கி வைக்கும் நிலை, இதுதான் தொழில். எங்கள் பக்கத்துக் கடைக்காரரிடையே பல காலமாக ஒரு பேச்சு இருக்கிறது: "சபைக்குச் சாமான் குடுக்கிறதெண்டால் உள்ளுக்கை ஆள் வேணும்." 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு சபைகளுக்குப் புது உறுப்பினர்கள் வந்ததும் இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. தெரிந்த உறுப்பினர் ஒருவரைப் பிடித்தால் காரியம் ஆகும் என்று வீடு வீடாக அலைகிறவர்களை என் கண்ணாலேயே காண்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். குடாநாட்டில் ஒரு சபை குப்பை அள்ளும் தள்ளுவண்டிகள் 12 செய்து கொடுக்கக் கேள்வி (ரெண்டர்) கோரியிருந்தது. தகடு இத்தனை மில்லிமீற்றர், சில்லு இன்ன அளவு, இரண்டு பூச்சுப் பெயின்ற் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். நான் ஒரு வண்டியை உண்மையாகவே செய்து பார்த்து, கணக்குப் போட்டு விலை வைத்தேன். கேள்வி திறக்கிற நேரம் நானும் போய் இருந்தேன். விலை போட்டவர் யாரும் போய் இருக்கலாம், அது நமக்குள்ள உரிமை. பெட்டியின் பூட்டை எங்கள் முன்னால் திறந்து, உறையை உறையாகக் கிழித்து, ஒவ்வொருவர் விலையையும் வாசித்தார்கள். என் விலைதான் ஆகக் குறைவு. வீட்டுக்கு வரும் வழியில் சுன்னாகத்தில் நின்று தகட்டுக்கு ஓடரும் சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளுக்குள் விளையாடிவிட்டார்கள் என்று நாலு நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிறகு மனம் கேளாமல் நேரே போய்க் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை பைலை எடுத்து என் விலைத்தாளைக் காட்டினாள். கீழே நீல மையில் என் கடை முத்திரை: "விலை 7 நாட்களுக்கு மட்டும்." 2022இல் இரும்பு விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏறிய நாட்களில் வெட்டுவித்த ரப்பர் முத்திரை அது. பழக்கத்தில் அதிலும் குத்தியிருக்கிறேன். அவர்கள் கேட்டிருந்தது 60 நாள் செல்லுபடியாகும் விலை. "ஐயா, மதிப்பீட்டுக் குழு கூடவே ஏழு நாளுக்கு மேலை போகும். உங்கடை விலை அதுக்குள்ளை செத்துப்போகுதே" என்றாள் அந்தப் பிள்ளை. எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த முத்திரையை அடுப்பில் போட்டேன்.

நம்மில் எத்தனை பேர் இப்படித் தோற்றுவிட்டுச் செல்வாக்கு என்று பழி சொல்கிறோம்? செல்வாக்கே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் நமது காகிதம் சரியாக இருந்தால்தான் மற்றவனின் செல்வாக்கைக் கேள்வி கேட்கலாம். ஆகக் குறைந்த விலைக்காரனுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கேட்ட நிபந்தனைகளுக்கு அமைந்த கேள்விகளுக்குள் மதிப்பிட்டுப் பார்த்துக் குறைந்ததற்குத்தான் கொடுப்பார்கள். ஒப்பம் விடுபட்டது, பிணை வைக்காதது, இரண்டு மணிக்கு மூடும் பெட்டிக்கு இரண்டேகாலுக்குப் போய் நிற்பது, இவை எல்லாம் விலையை ஒப்பிட்டுப் பார்க்கு முன்பே நம்மை வெளியே தள்ளுகிற விஷயங்கள்.

யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை, மொத்தம் 17 சபைகள் இருக்கின்றன. இவை வாங்குவது பெரிய றோட்டும் கட்டடமும் மட்டும் இல்லை. தும்புத்தடி, கையுறை, வீதி விளக்குக் குமிழ், உழவு இயந்திரத்துக்கு ரயர், போட்டோக்கொப்பித் தாள், நூலகத்துக்குப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சடிப்பு, வடிகாலுக்குக் கொங்கிறீற் மூடி. இதில் எது நம் ஊர்க் கடையில் இல்லை? நாம் கட்டுகிற சோலை வரியும் சந்தைக் குத்தகைக் காசும் நம் ஊர்ப் பட்டறைக்கே திரும்பி வந்தால் அதில் நாலு பொடியனுக்கு வேலை இருக்கும்.

இதற்கு முதற் படி விநியோகத்தராகப் பதிவது. வருட முடிவுக்கு முந்திய மாதங்களில் அடுத்த வருடத்துக்கு விநியோகத்தரைப் பதிய விண்ணப்பம் கோரிச் சபைகள் அறிவித்தல் போடுகின்றன. சிறிய தொகைக்கு வாங்கும்போது பதிந்தவர்களில் குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் எங்கிருந்து வரும்? பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு, வரி இலக்கம், வங்கி விபரம், எந்த வகைப் பொருள் என்பது, அதற்குரிய கட்டணம், இவ்வளவுதான் கேட்பார்கள். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட ரெண்டர் என்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொதுஒப்பந்தச் சட்டத்தின்படி கம்பனிப் பதிவாளரிடமும் பதிய வேண்டும். நம்மில் பலருக்கு அந்தப் பேச்சு இப்போதைக்கு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிந்த வியாபாரப் பெயரிலேயே வங்கிக் கணக்கும் இருக்கட்டும். எனக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது, வீதிப் பெயர்ப்பலகைக் கம்பங்கள். காசோலை கடைப் பெயரில் வந்தது, கணக்கோ என் சொந்தப் பெயரில். திரும்பப் போய், கடிதம் எழுதி, வேறு காசோலை வருவதற்குள் தகட்டுக் கடைக்காரர் நாலு தரம் வந்துபோய்விட்டார். பில்லில் கொள்வனவுக் கட்டளை இலக்கம் எழுதுங்கள். களஞ்சியத்தில் இறக்கிய அன்றே பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி கடைசி வாரத்தில் சாமான் கொண்டுபோகாதீர்கள். அந்த வருடப் பாதீட்டுக் காசு 31ஆம் திகதியோடு முடியும், பில் அடுத்த வருடத்துக்கு இழுபடும்.

உறுப்பினரைப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது சாமான் வாங்குவதைப் பார்க்கும் பெறுகைக் குழு, விலைகளை மதிப்பிடுவது மதிப்பீட்டுக் குழு. போட்ட ரெண்டரை எடுத்துவிடக் காசு கொடுப்பதும் வாங்குவதும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். "அண்ணை, இந்தமுறை நீங்கள் போடாதேங்கோ, நாங்கள் பார்த்துச் செய்வம்" என்று எனக்கும் ஒருவர் போன் எடுத்தார். நான் போட்டேன். கிடைக்கவில்லைதான், ஆனால் போட்டேன். ஏன் கிடைக்கவில்லை என்று சந்தேகம் வந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

சபைகளிடமும் கேட்க எனக்கு உரிமை உண்டு. பதிவு அறிவித்தலைப் பத்திரிகையின் ஒரு மூலையில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காமல், சந்தை வாசலிலும் நூலகத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். எனக்குக் கிடைத்த கேள்விப் பத்திரத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம், மகளை வைத்துத்தான் வாசித்தேன். தமிழில் இரண்டு பக்கத்தில் நிபந்தனைகளை எழுதிக் கூட வைத்தால் என்ன குறைந்துவிடும்? பெறுகைக்குப் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் சிறு கடைக்காரருக்குத் தெரிய வேண்டியதை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு விளக்குங்கள், கடையைப் பூட்டிவிட்டு வருகிறோம். தோற்றவனுக்கு ஏன் தோற்றான் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எனக்கு அந்த ஒரு வரி வந்திருந்தால் நாலு நாள் உங்களைத் திட்டியிருக்க மாட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவு அறிவித்தல்கள் வரும் மாதங்களில், எந்தச் சபை, எந்தத் திகதிக்கு முன் என்று ஒரே இடத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போட்டு உதவுங்கள். வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்க நான் தயார், பக்கத்துத் தச்சுப் பட்டறைக்காரரும் கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
மருதனார்மடம்.