மலையிடுக்குக்குள் இறங்கப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பி செந்திலுக்கு,

சிகரம் ஏறிப் பழகிய கால் உனக்கு. இந்த முறை உச்சிக்குப் போகாமல், ஆறு அறுத்துப் போட்ட இடுக்குகளுக்குள் நடக்கப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் உச்சிக்கு ஏறக் கற்ற சில பழக்கங்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இங்கே இறங்க வேண்டும். முகட்டில் நிற்பவனுக்கு மேகம் திரள்வது கண்ணில் படும், நேரத்தோடு இறங்கிவிடுவான். இடுக்குக்குள் நடப்பவனுக்குத் தெரிவது தலைக்கு மேல் ஒரு கீற்று வானம். ஆளை அடித்துக்கொண்டு போகும் மழை அந்தக் கீற்றில் பெய்வதே இல்லை, எங்கோ மேலே பெய்கிறது. அதனால் உள்ளே போகலாமா என்ற முடிவை வாயிலில் வந்து நின்று எடுக்காதே. முந்தைய நாளே வரைபடத்தை விரித்து வைத்து எடு.

1:25,000 அளவில், சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம் வேண்டும். நடக்கப் போகும் இடுக்கின் கீழ்வாயில் பென்சிலை வை. அங்கிருந்து இரண்டு பக்கமும் முகட்டைப் பிடித்துக்கொண்டே மேலே கோடு இழு. சமவுயரக் கோடுகளின் முனை ஓடையில் மேட்டை நோக்கி வளையும், முகட்டில் பள்ளத்தை நோக்கி வளையும்; அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டு கோடுகளும் மலைத் தலைப்பில் போய்ச் சேர்ந்ததும் உள்ளே அடங்கிய இடம் முழுவதும் உன் நீர்ப்பிடிப்புப் பகுதி; அங்கே பெய்து வழியும் மழை உன் இடுக்குக்குத்தான் வரும். இந்த அளவு வரைபடத்தில் 4 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள சதுரம் ஒரு சதுர கிலோமீட்டர். எத்தனை சதுரம் தேறுகிறது என்று எண்ணிப் பார்.

ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1,000 கன மீட்டர் தண்ணீர். உன் பகுதி 20 சதுர கி.மீ. என்று வைத்துக்கொள். இடிமழை ஒன்று 30 மி.மீ. கொட்டினால் 6 லட்சம் கன மீட்டர். அதில் பாதி மண்ணுக்குள் போய்விட்டாலும், மீதி 3 லட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் கீழே இறங்கும் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 42 கன மீட்டர். மூன்று மீட்டர் அகலமுள்ள இடுக்கில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அது போக வேண்டுமானால் ஆழம் நாலரை மீட்டரைத் தாண்டும். இது சராசரிக் கணக்குதான். முதல் அலை இதைவிட உயரமாகவும் வரலாம். மேலே மொட்டைப் பாறை, காட்டுத்தீயில் எரிந்த சரிவு, ஏற்கெனவே நனைந்து ஊறிய மண் என்று இருந்தால் பாதி உறிஞ்சப்படும் என்பதையும் நம்ப முடியாது. அதே வேகத்தில் 10 கி.மீ. தொலைவிலுள்ள மழை உன்னிடம் வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இப்படித்தான் 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற இடுக்கில் 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மழை பெய்தது மேலே, பல மைல் தள்ளி. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட்டன் ஓடையில் 21 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளும் அதில் உண்டு. 2018 ஆகஸ்டில் இத்தாலியின் ரகானெல்லோ இடுக்கில் 10 பேர். மூன்றும் கோடைக்காலம், மூன்றும் இடிமழை. கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். எனவே விடியலில் இறங்கி, நண்பகலுக்குள் குறுகலான பகுதியை விட்டு வெளியே வந்துவிடும்படி திட்டம் போடு. முன்னறிவிப்பைப் பார்க்கும்போது நீ நடக்கும் ஊரின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. நீ பென்சிலால் வளைத்த இடத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார். அங்கே இடி என்ற சொல் இருந்தால் அன்றைக்கு முகட்டுக்கு அருகே வேறு நடை போ. இதில் பேரம் பேச இடமில்லை.

மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும். பனி உருகி ஓடும் ஆற்றில் பிற்பகலிலும் மாலையிலும் நீர் கூடும்; காலையில் முழங்காலளவு இருந்த இடம் திரும்பும்போது தொடையளவு ஆகியிருக்கும். மேலே அணை இருந்தால் மதகு திறக்கும் நேரம் தெரியாமல் இறங்கவே கூடாது. பிரான்சின் வெர்டோன் இடுக்கில் வெயில் காயும் நாளிலும் நீர்மட்டம் சட்டென்று உயரும். மேலே உள்ள அணைகள்தான் காரணம்.

உள்ளே இறங்கியதும் முதலில் சுவரைப் படி. பழைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரே காட்டும். இடுக்கான திருப்பத்தில் தலைக்கு மேலே ஒரு மரத்துண்டு இரண்டு சுவருக்கும் நடுவே செருகி நிற்கும். அதில் சுற்றிக்கொண்ட செத்தையைக் கிட்டப் போய்ப் பார். புல் இழைகள் எல்லாம் ஒரே திசையில், சீவி விட்டதுபோல் கீழ்நோக்கிப் படிந்திருக்கும். இடையிடையே சேறு காய்ந்து வெடித்திருக்கும். இழை நொறுங்கும் அளவு உலர்ந்திருந்தால் வெள்ளம் போய் நாளாகிவிட்டது. இலையில் இன்னும் பச்சை இருந்தால் அண்மையில்தான் போயிருக்கிறது. அப்படியென்றால் மேலே மண் இன்னும் ஈரம், அடுத்த மழை அப்படியே வழிந்து வரும். அந்தச் செத்தை மட்டத்துக்கு மேலே கால் வைக்க இடம் இருக்கிறதா என்பதுதான் நடை முழுக்க உன் மனதில் ஓட வேண்டிய கேள்வி. ஏறித் தப்பக்கூடிய திட்டு, மரம் வளர்ந்த சரிவு, கிளை ஓடை வந்து சேரும் அகலமான இடம் என்று ஒவ்வொன்றையும் கடக்கும்போது நேரத்தைக் குறித்து வை. கடைசித் திட்டுக்குத் திரும்பிப் போக எத்தனை நிமிடம் என்று எப்போது கேட்டாலும் பதில் சொல்லத் தெரிய வேண்டும். சாப்பிட உட்காருவதும் இளைப்பாறுவதும் அப்படிப்பட்ட திட்டில் மட்டும். ஆற்றுப் படுகையில் கூடாரம் போடவே போடாதே.

தெளிந்த தண்ணீர் கலங்குகிறது, சுள்ளியும் இலையும் நுரையும் மிதந்து வருகின்றன, மண் வாசனையோடு மேலேயிருந்து காற்று தள்ளுகிறது, அடியில் கல் உருளும் சத்தம் கேட்கிறது. இவற்றில் ஒன்று போதும், இரண்டாவதுக்குக் காத்திருக்காதே. கீழ்நோக்கி ஓடித் தப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் உன்னை விட வேகம். கைக்கு எட்டிய வழியில் மேலே ஏறு. பை தடுத்தால் பையை விடு. ஏறிய பிறகு பொறுமைதான் முக்கியம்: முதல் அலை வடிந்த பின் கிளை ஓடைகளின் தண்ணீர் இன்னொரு அலையாக வரலாம். மட்டம் நன்றாக இறங்கி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் இறங்க வேண்டும். இரவாகிவிட்டால் அங்கேயே இரவு.

ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டிய இடங்களில் ஆழத்தை விட வேகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நாலு மடங்கு. கரையில் பத்து மீட்டர் அளந்து ஒரு குச்சியைப் போட்டுப் பார். பத்து நொடியில் கடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர். அதற்கு மேற்பட்ட வேகத்தில் முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் நான் இறங்கச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சையான் தேசியப் பூங்காவில் ‘நேரோஸ்’ என்ற பகுதியை நீரோட்டம் நொடிக்கு 150 கன அடியை (சுமார் 4.2 கன மீட்டர்) தாண்டினால் மூடிவிடுகிறார்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை விட்டாலும் மூடுவார்கள். எச்சரிக்கை விலகி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பு. அந்த இரண்டு மணி நேரத்தை நீயும் எடுத்துக்கொள்.

கடக்க அகலமான, ஆழம் குறைந்த இடத்தைத் தேடு. குறுகலான இடம் எட்டிவிடும் தூரமாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும். கடக்கும் இடத்துக்குக் கீழே அருவியோ, விழுந்து கிடக்கும் மரமோ இருக்கக் கூடாது. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போகும், ஆள் அதில் மாட்டிக்கொள்வான். பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடு. தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நகர். கோல், இடக்கால், வலக்கால் என்று ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசைய வேண்டும். கால் மேல் கால் மாற்றி வைக்காதே. கோல் மார்பளவு உயரமாவது இருக்கட்டும், ஒன்று போதும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடப்பது பாதுகாப்பு மாதிரித் தெரியும். விழுந்தால் அந்தக் கயிறே ஆளைத் தண்ணீருக்கு அடியில் அழுத்திப் பிடிக்கும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால் இரண்டையும் தண்ணீர் போகும் திசையில் நீட்டி, நீர்மட்டத்தில் மிதக்கும்படி போ. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதே. பாதம் பாறை இடுக்கில் சிக்கினால் தண்ணீர் உடம்பை முன்னே மடித்துவிடும். நீர் முழங்காலுக்குக் கீழே வந்த பிறகுதான் நிற்க வேண்டும்.

காலணி விஷயத்தில் மலையேற்றக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: நீர் புகாத உள்ளுறை வைத்த கனமான பூட்ஸ். மேல்விளிம்பு வழியாக ஒருமுறை நிறைந்துவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை, நாள் முழுக்க இரண்டு காலிலும் வாளி சுமப்பாய். விரல் மூடிய, வலைத்துணியில் தண்ணீர் வடிகிற, மென்மையான ரப்பர் அடியுள்ள ஷூ வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம். கலங்கலில் மறைந்த கல் விரலை உடைக்கும். பாறையில் நிறத்தைப் பார்த்துக் கால் வை. வெயில் பட்டு உலர்ந்த வெளிறிய பாறை பிடிக்கும்; கரும்பழுப்பாக மினுங்குவது பாசி. நீருக்குள் கூழாங்கல் குவிந்த இடம், பெரிய வழவழப்பான பாறையின் தலையை விட நம்பகமானது. மணற்பாறை நனைந்தால் உறுதி குறையும், கைப்பிடி கழன்று வரும்.

குளிரைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. தண்ணீர் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுக்கும். 10 டிகிரி நீரில் பத்து நிமிடத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. வெளியே கோடையாக இருந்தாலும் வெயில் எட்டாத இடுக்கில் நனைந்த உடம்போடு காற்றில் நிற்பது வேறு உலகம். இடுப்பளவு நீர் தொடர்ந்து வருமானால் 3 மி.மீ. நியோபிரீன் (சூட்டைக் காக்கும் செயற்கை ரப்பர்) காலுறையும், நீந்த வேண்டியிருந்தால் 5 மி.மீ. முழு உடையும் தேவை. பருத்தித் துணி கூடாது. மாற்றுச் சட்டையும் கம்பளித் தொப்பியும் நீர் புகாத பையில், வாயை மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்டி. கூட வருபவர் கொக்கியைப் போடத் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அது குளிர்தான். அங்கேயே நிறுத்தி, உலர்ந்த துணி மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடு.

சறுக்கி இறங்கும் பாறைகளில் ஒரு விதி: திரும்பி ஏற முடியாத இடத்தில் இறங்காதே. மூன்று மீட்டர் சறுக்கல் இறங்க ஒரு நொடி, ஏறவே முடியாது. அதற்குக் கீழே பத்து மீட்டர் அருவி இருந்தால் இரண்டுக்கும் நடுவே அடைபட்டுவிடுவாய். மடுவில் குதிக்காதே. போன மாதம் ஆழமாக இருந்த மடுவை ஒரு வெள்ளம் கல்லால் நிரப்பியிருக்கும். சுவர்களுக்கு நடுவே செருகி நிற்கும் பாறைகளை அசையாதவை என்று நம்பித் தொங்காதே. 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புளூஜான் கேன்யனில் தனியே போன ஒருவரின் கையை அப்படி ஒரு கல்தான் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார். எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

தலைக்கவசம் எப்போதும் தலையில். மேலே ஆடு நடந்தாலே கல் வரும். மழைக்குப் பிறகும், உறைந்து உருகும் காலை நேரத்திலும் இன்னும் அதிகம். கல்சரிவின் நேர் கீழே நிற்காதே.

வேகக் கணக்கிலும் ஏமாந்துவிடாதே. பாதையுள்ள இடுக்கு என்றால் சாதாரண நடைதான்: கிரீட் தீவின் சமாரியா 16 கி.மீ., பெரும்பகுதி இறக்கம், சோதனை முழங்காலுக்குத்தான். பாதையில்லாமல் ஆற்றிலும் உருண்டைப் பாறையிலும் போனால் மணிக்கு ஒரு கி.மீ. என்று வைத்துக்கொள், அதுவும் குழு சிறியதாக இருந்தால். ஜி.பி.எஸ். சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பும்; நீ எதிர்ச் சரிவில் நிற்பதாகக்கூடக் காட்டும். காற்றழுத்த உயரமானியும், வலப்பக்கம் எத்தனையாவது கிளை ஓடை என்ற எண்ணிக்கையும் அதைவிடச் சரியாக இருக்கும். செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும் திறந்த வானம் தெரிந்தால்தான் வேலை செய்யும். உள்ளே கணுக்கால் முறிந்தால் தகவல் வெளியே போகவே நேரமாகும் என்று எடுத்துக்கொண்டு, கட்டுத்துணி, முறிந்த காலை அசையாமல் பிடிக்கும் மடக்குச் சட்டம், மின்னும் அவசரப் போர்வை, தலைவிளக்கு ஆகியவற்றை ஒவ்வொருவரும் வைத்திருங்கள்.

கிளம்பும் முன் வெளியே இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போ: எந்த இடுக்கு, எந்த வாயில் இறக்கம், எங்கே வெளியேற்றம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் எத்தனை மணிக்கு எந்த மீட்பு எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடு. அவசரத்தில் தண்ணீரில் இறங்க வைப்பது பெரும்பாலும் ‘வீட்டில் தேடுவார்களே’ என்ற நினைப்புத்தான். வெளியே வந்ததும் முதல் வேலை அந்த அழைப்பு. அதன் பிறகு ஷூவைக் கழுவி, நன்றாக உலர்த்து. ஓர் ஆற்றின் பாசியையும் நோய்க்கிருமியையும் அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோவது நாம்தான். கால் வெட்டுக்காயங்களைச் சோப்புப் போட்டுக் கழுவு. அடுத்த ஒரு மாதத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் ஆற்று நீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல். எலிக்காய்ச்சல் அப்படியும் வரும், சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் எழும்.

அன்புடன்,
அண்ணன்