நெதர்லாந்து வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

1945 முதல் 1949 வரை இந்தோனேசியாவில் உங்கள் படைகள் செய்த கொடுமைகளுக்கு 2020-இல் மன்னரும் 2022-இல் பிரதமரும் மன்னிப்புக் கேட்டார்கள். நல்லது. அங்கே வாழ்ந்த சீனர்களுக்கு வெறும் காகிதத்தால் செய்த ஒரு காரியம் மட்டும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

1909 மார்ச்சில் சீனாவை ஆண்ட சிங் (Qing) அரசு சட்டம் போட்டது: தந்தை சீனர் என்றால், பிள்ளை எந்த மண்ணில் பிறந்தாலும் சீனக் குடி. ஓராண்டுகூட ஆகவில்லை. 1910 பிப்ரவரி 10 அன்று, உங்கள் காலனியாக இருந்த இந்தோனேசியாவில் குடியிருந்த பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர்கள் டச்சுப் பிரஜைகள் என்று நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். உங்கள் குடிமக்களுக்கான 1892-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமைகள் இதில் கிடையாது. ஜாவாவில் தலைமுறைகளாக மலாய் பேசி வாழ்ந்த பெரானாக்கான் (அங்கேயே பிறந்து வளர்ந்த) சீனர், உங்கள் பிரஜையான பிறகும் உங்கள் ஏடுகளில் ‘அயல்நாட்டுக் கீழைத்தேயர்’தான். ஜப்பானியருக்கோ 1899-லேயே ஐரோப்பியருக்குச் சமமான அந்தஸ்து! ஜப்பானுக்குப் பின்னால் கடற்படை இருந்தது, வேறென்ன.

பிறகு எதற்கு இந்தப் பிரஜைப் பட்டம்? பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) துணைத் தூதரகம் திறக்கச் சீனா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வருகிற கான்சல் (துணைத் தூதர்) இவர்களுக்காக வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1911 மே 8 அன்று பெய்ஜிங்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கான்சலுக்கு அனுமதி கிடைத்தது. யார் எந்த நாட்டவர் என்ற சிக்கலை மட்டும் கூடவே பரிமாறிய கடிதங்களில் முடித்துக்கொண்டீர்கள்: காலனிக்குள் டச்சுச் சட்டம் சொல்வதே முடிவு, சீனாவுக்குத் திரும்பினால் அவர் சீனராகலாம். பட்டாவியாவின் துறைமுகமான தஞ்சோங் பிரியோக்கில் கப்பலேறும் வியாபாரி டச்சுப் பிரஜை, சீனத் துறைமுகமான அமோயில் இறங்கினால் சீனக் குடி. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீனத் தரப்பும் யோக்கியமில்லை. 1893 வரை கடல் கடந்தவர்களைச் சட்டப்படி குற்றவாளிகளாக வைத்திருந்த அரசுக்கு, அவர்களிடம் பணம் சேர்ந்ததும் பாசம் பொங்கியது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க 1955-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் சுனார்யோவும் சீனப் பிரதமர் சூ என்லாயும் இரட்டைக் குடியுரிமை பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதுவும் நடைமுறைக்கு வந்தது 1960-இல்தான். இந்தோனேசியக் குடிமக்களான சீன வம்சாவளியினரிடம் குடியுரிமைச் சான்று கேட்கும் வழக்கத்தை ரத்துசெய்யும் ஆணை 1996-இல் வந்தது. பின்னும் அலுவலகங்களில் கேட்கிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. அத்தனைக்கும் நீங்களே பொறுப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் முடிச்சில் உங்கள் கை இருந்தது.

1911 ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தைக் கோப்புகளை இந்தோனேசிய மொழியில் முழுமையாக வெளியிடுங்கள். அடுத்த முறை மன்னிப்பு வாசகம் எழுத உட்காரும்போது 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பெயர் சொல்லிச் சேருங்கள்.

இப்படிக்கு,
தென்கிழக்காசிய வரலாறு படிக்கும் ஒரு தமிழ் வாசகர்