போத்தலைக் கொட்டியவன் நான்தான்

அன்புத் தங்கச்சிக்கு,

கோத்தகிரிக்கு வருவதென்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லத் துணிவில்லாததால், பின்வாங்க முடியாதபடி, பலரும் படிக்கும் இந்த இடத்தில் எழுதுகிறேன்.

போன ஏப்ரல் சீசனில் பேரன் என்னை நுவரெலியாவின் கிரகரி ஏரிக்கு அழைத்துப் போனான். கரை முழுக்கக் கொழும்பு வாகனங்கள், படகுக்கு வரிசை, மட்டக்குதிரைமேல் பிள்ளைகள். நாம் வெறும் தண்ணீரென்று அறிந்திருந்த அந்த இடம் முன்பு சதுப்பு நிலமாம். 1848-இல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் ஒரு கொல்லனையும் கால்நடைகளையும் கூட்டிவந்து நுவரெலியாவில் பண்ணை போட்டார். 1873-இல், வில்லியம் கிரகரி ஆளுநராக இருந்தபோது, பிதுருதலாகலை மலையிலிருந்து இறங்கும் தலகல ஓயாவை மறித்து ஏரியாக்கினார்கள். முன்னோடிகள் என்று இவர்களைத்தான் சொல்கிறார்கள். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மாத்தளை வரை நடந்த நம்மவர்களை அப்படிச் சொல்லக் கேட்டதில்லை. 2023-இல் அந்தப் பாதையில் நினைவு நடை போனார்களே, அதில் பேரனும் நடந்தான். திரும்பி வந்து, கொப்புளம் வெடித்த காலை வெந்நீரில் வைத்தபடியே தூங்கிப்போனான்.

இந்தியாவுக்குப் புறப்படுமுன் அந்த ஏரியில் நீ ஹார்லிக்ஸ் போத்தலில் தண்ணீர் மொண்டு, மூடிக்கு மேல் துணி சுற்றி, தகரப் பெட்டியில் பாவாடைகளுக்கு நடுவே வைத்ததை நான் பார்த்தேன். நானுஓயா ஸ்டேசனில், நீ அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத நேரத்தில், அதை எடுத்துத் தண்டவாளத்தில் கொட்டினேன். போத்தலின் அடியில் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. தலைமன்னார் சுங்கக்காரர்கள் எடுத்துவிட்டார்கள் என்று மண்டபம் முகாமிலிருந்து நீ எழுதினாய். அவர்கள் அப்படித்தான் என்று நானும் பதில் போட்டேன்.

தண்ணீர் கசிந்து பத்திரங்கள் நனைந்தால் அங்கே உன்னை யார் சேர்ப்பார்கள் என்று பயந்தேன். அது முழு உண்மையல்ல. போகிறவளுக்கு இந்த ஊர்த் தண்ணீர் எதற்கு என்ற ஆத்திரமும் இருந்தது. உன் பெயரில் விண்ணப்பம் போட்டது யார் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவருடைய பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள்.

மன்னித்துக்கொள். ஆனால், அம்மா இறந்த தந்திக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் போட்டபோது, "உங்களுக்கு ஊர் மிஞ்சியது" என்று எழுதினாயே, எந்த ஊர் தங்கச்சி? 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று இந்தியாவும் இலங்கையும் நம்மைப் பிரித்துக்கொண்ட 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தக் கணக்கில் நான் இந்தப் பக்கம் விழுந்தேன், அவ்வளவுதான். பிரஜாவுரிமைக் கடிதம் கைக்கு வரும்வரை எனக்கு வாக்கும் இல்லை. இருந்தது தோட்டத்து வரிசை வீட்டில் அதே லயத்துக் காம்பரா, அதே ஒழுகும் தகரம். நீ குளிரில் நடுங்கிக்கொண்டு அங்கேயும் கொழுந்துதான் பறித்தாய் என்பதை நினைக்காத நாளில்லை.

நேற்று ஏரியில் ஒரு போத்தல் மொண்டு வைத்திருக்கிறேன். விமானத்தில் அதைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்களாம், பெட்டியில்தான் வைக்க வேண்டுமாம். மூடியை மெழுகால் அடைத்துத் தருவதாகப் பேரன் சொல்கிறான்.

அண்ணன்