பாம்புக்குத்தான் பயம் என்றால்

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீயும் குட்டியும் மாப்பிள்ளையும் நலமா?

பொங்கலுக்கும் வரவில்லை. இப்போது மே மாத லீவுக்கும் வரவில்லை என்கிறாய். தோட்டத்தில் பாம்பு நடமாட்டம், குட்டியை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். பதில் சொல்ல இடமே கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாம்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். கிணற்றடியில் அந்தப் பெரிய சாரை இன்னும் இருக்கிறது. நெல் மூட்டையை எலி அண்டாமல் இருப்பதே அதனால்தான் என்று அப்பா அதை யாரையும் விரட்ட விடுவதில்லை. கறிவேப்பிலை மரத்தில் பச்சைப் பாம்பு. அது கண்ணைக் கொத்தும் என்று சித்தி இன்னும் அந்தப் பக்கமே போவதில்லை. போன வாரம் தென்னை மட்டைக் குவியலுக்கடியில் ஒரு கண்ணாடி விரியன், குக்கர் மாதிரிச் சீறியது. வனத்துறைக்குச் சொன்னோம், ஆள் வந்து பிடித்துப் போனார். அன்றைக்கே மட்டையெல்லாம் அப்புறப்படுத்தியாயிற்று. விறகைக் கல் வைத்து உயர்த்தி அடுக்கியிருக்கிறோம். பின்கதவு இடுக்கை அப்பா பலகை அடித்து அடைத்துவிட்டார்.

உன் அறையில் கட்டில் போட்டிருக்கிறது. கொசுவலை புதிது. குட்டியைத் தரையில் படுக்கவைக்காதே. கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. விடிந்து வயிற்றுவலி என்பார்கள், பிறகு கண் இமை சொருகும். வலையை மெத்தைக்கடியில் சுற்றிலும் செருகிவிட்டால் போதும். ராத்திரி வெளியே போனால் டார்ச்.

அப்படியே ஒன்று நடந்தாலும் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, மந்திரிக்கிறேன் என்று யார் வந்தாலும் கேட்கக்கூடாது. கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டியதுதான். பெரியப்பாவைக் கொண்டுபோனபோது பார்த்தாயே, ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அப்படியே வைத்து, உறைகிறதா என்று பார்த்துத்தான் ஊசி போட்டார்கள். இன்றைக்கும் அவர் வயலுக்குப் போகிறார்.

உனக்குப் போய் இதையெல்லாம் சொல்கிறேன். வடநெம்மேலிக்குக் கூட்டிப்போனபோது, பாம்பு பிடிக்கும் இருளர் சங்கத்துக்காரர் பானையிலிருந்து விரியனை எடுத்து விஷம் எடுப்பதை மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பார்த்தார்கள். நீ முன்னால் போய் நின்று, "விஷம் எடுத்தபிறகு இது என்ன ஆகும்?" என்று கேட்டாய். திரும்பக் காட்டில் விடுவோம் என்றதும்தான் உன் முகம் தெளிந்தது. 1978ல் தொடங்கிய சங்கம் என்று அங்கே கேட்டதை வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் ஒப்பித்தாய். பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது முதல் ஃபோன் உன்னுடையதுதான். எவ்வளவு நேரம் பேசினாய் அன்று! இப்போது சாப்பிட்டீங்களா, சரிம்மா, வைக்கிறேன். பெற்றவளுக்கு அவ்வளவுதானா?

பாம்புச் சட்டையை நோட்டுக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனவள் நீ. கிணற்றடியில் சாரை படுத்திருந்தால், அது போகட்டும் என்று குடத்தோடு காத்து நின்றவள். பயமாக இருக்கிறது என்று நீ சொன்னதை நான் நம்புகிறேன் தேவி. எதைக் கண்டு என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். அப்பாவும் கேட்கமாட்டார், அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெங்களூரிலிருந்து எந்த வண்டி கிடைத்தாலும் ஏறு. செங்கல்பட்டில் எத்தனை மணிக்கு இறங்கினாலும் அப்பா வந்து நிற்பார். எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கவேண்டாம். துணிமணி எடுக்க நேரம் இல்லாவிட்டால் விடு, பீரோவில் உன்னுடையது இருக்கிறது, குட்டிக்கு இங்கே வாங்கிக்கொள்ளலாம். உன் சர்டிபிகேட்டுகள், குட்டியின் பிறப்புச் சான்றிதழ், உன் பேங்க் பாஸ்புக், இவற்றை மட்டும் மறக்காமல் கைப்பையில் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா