அந்த லாங் சைஸ் நோட்டைப் போட்டுவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் வீடு மாற்றுகிற அவசரத்தில் நீ கேட்டாய், "அலமாரியில உங்க பழைய நோட்டு ஒண்ணு கிடக்குப்பா, கட்டம் கட்டமா ஏதோ எழுதியிருக்கு, போட்டுடலாமா?" என்று. வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பின்னால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது, அந்த நேரத்தில் நான் விளக்கம் சொல்லியிருந்தால் உன் காதில் ஏறியிருக்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும், பெட்டிகளுக்கு நடுவே காபி குடிக்கும்போது படி.

2022-இல் உன் இரண்டாவது பிரசவத்துக்கு நானும் அம்மாவும் பிட்ஸ்பர்க் வந்தோமே, அப்போது எழுதிய நோட்டு அது. மாப்பிள்ளை ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து பேஸ்பால் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தார். பந்தெறிகிற பிட்சர் 1, அதைப் பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் 6 என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய் அவர் முதல் பேஸுக்கு எறிந்து ஆள் அவுட்டானால் 6-3. பந்தை அடிக்க முடியாமலே அவுட்டாகிற ஸ்ட்ரைக் அவுட்டுக்கு கே. மட்டையை வீசாமல் நின்றபடியே அவுட்டானால் அந்த கே-யைத் திருப்பிப் போட வேண்டும். இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அதுதானே பார்த்தேன், கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தின் வாசனை அதில் அடிக்கிறதே என்று.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் பேரேடு எழுதியவன் நான். என்னை அசைத்தது எது தெரியுமா? இந்த ஸ்கோர் டேலி ஆகிறது! ஒரு அணியில் பேட் பிடிக்க வந்தவர்கள் மொத்தம் எத்தனை தடவை என்று கூட்டு. அவர்கள் எடுத்த ரன், பேஸில் நின்றபடியே விடப்பட்டவர்கள், எதிரணி எடுத்த அவுட், இந்த மூன்றையும் கூட்டு. இரண்டும் சரியாக ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் எழுதியதில் எங்கோ பிழை. மாப்பிள்ளை இதைச் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுந்து வந்து முன் நாள் ஆட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன், டேலி ஆனது.

அதற்கு அப்புறம்தான் பழைய சாதனைகளைத் தேடி அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எல்லாருக்கும் தெரிந்த பேப் ரூத் கதை எதுவும் அதில் இல்லை, உன் ஊரில் நடந்தும் அந்த ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாத விஷயங்கள்தான். வருஷச் சாம்பியன் யார் என்று முடிவு செய்கிற உலகத் தொடர் முதல் தடவை 1903-இல் நடந்தபோது அதில் ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ், அந்தத் தொடரில் முதல் ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி, பேட் பிடிக்கிற இடமான ஹோம் பிளேட்டுக்கே திரும்புகிற ரன், அடித்தவர் ஜிம்மி செப்ரிங் என்ற பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர். ஓவன் வில்சன் 1912-இல் ஒரே சீசனில் 36 டிரிபிள் அடித்தார், அதாவது ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை ஓட்டம், நூறு வருஷம் தாண்டியும் அதை யாரும் தொடவில்லை. 1920 அக்டோபர் 2 அன்று பைரேட்ஸ் சின்சினாட்டியோடு ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடினார்கள், மூன்றாவதை இருட்டிவிட்டது என்று ஆறு இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பெரிய லீகில், அதாவது அமெரிக்காவின் முதல்தர பேஸ்பாலில், இரண்டு அணிகள் ஒரே நாளில் மூன்று ஆட்டம் மோதியதே இல்லை.

1921 ஆகஸ்ட் 5-ஐ மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருப்பேன் பார். வானொலியில் பேஸ்பால் ஆட்டம் முதல் முதலாக ஒலிபரப்பான நாள் அது. ஊர் உன் ஊர், நிலையம் கேடிகேஏ, மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு. பேசியவர் ஹெரால்டு ஆர்லின், பகலில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். தொலைபேசியை மாற்றியமைத்து அதையே மைக்காக வைத்துக்கொண்டு பேசினாராம். பைரேட்ஸ் 8-5 என்று பிலடெல்பியாவை ஜெயித்தது. டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு கமென்ட்ரி கேட்டே வளர்ந்தவன் நான், எனக்கு அந்தத் தேதி நம் வீட்டு விசேஷ நாள் மாதிரி.

கிளெமென்டே பாலம் உனக்குத் தெரியும், மைதானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மஞ்சள் பாலம். அந்த ராபர்டோ கிளெமென்டே 1956 ஜூலை 25 அன்று செய்ததைக் கேள். எதிரணி சிகாகோ, பைரேட்ஸ் 5-8 என்று பின்தங்கியிருக்கிறது, கடைசி இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள். பந்து வேலியைத் தாண்டவில்லை, மைதானத்துக்குள்ளேயே கிடக்கிறது. பேஸில் நின்ற மூன்று பேரும் ஹோம் பிளேட் சேர்ந்துவிட்டார்கள், சமநிலை. மூன்றாம் பேஸ் பக்கத்தில் நின்ற மேலாளர் பாபி பிராகன் கையைத் தூக்கி நில் என்கிறார். கிளெமென்டே நிற்கவில்லை. ஓடி வந்து விழுந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார், 9-8. மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கிற ஹோம் ரன்னுக்கு கிராண்ட் ஸ்லாம் என்று பெயர்; ஆட்டத்தையே முடித்துவைக்கிற கிராண்ட் ஸ்லாமை மைதானத்துக்குள் ஓடியே எடுத்ததாகப் பதிவில் இருப்பது இது ஒன்றுதான். அதே மனிதர் 1971 செப்டம்பர் 1 அன்று ஆட இறங்கியபோது அணியின் ஒன்பது பேருமே கறுப்பினத்தவர்கள் அல்லது லத்தீன் அமெரிக்கர்கள். பெரிய லீகில் அப்படி ஓர் அணி இறங்கியது அதுவே முதல் முறை, கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் 1947-இல் உடைத்து 24 வருஷம் கழித்து. அன்று பைரேட்ஸ் 10-7 என்று ஜெயித்தார்கள், அந்த வருஷ உலகத் தொடரையும் ஜெயித்தார்கள்.

சரி, இனிமேல் வருவதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்தது. ஹார்வி ஹாடிக்ஸ். பைரேட்ஸின் இடதுகைப் பிட்சர். 1959 மே 26, மில்வாக்கியில் ஆட்டம், உடம்பு சரியில்லாமலே எறிய வந்தார். ஒன்பது இன்னிங்ஸ், வந்த 27 பேரும் அவுட். ஒருவர்கூட முதல் பேஸுக்குப் போகவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதோடு ஆட்டம் முடிந்து பெர்ஃபெக்ட் கேம் என்று ஊரே தூக்கிக் கொண்டாடியிருக்கும். ஆனால் பைரேட்ஸும் ரன் எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் லூ பர்டெட் என்ற பிட்சர் 12 ஹிட் கொடுத்தார், அதாவது 12 தடவை அடித்துப் பேஸ் சேர விட்டார், ஆனால் ரன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஹாடிக்ஸ் எறிந்துகொண்டே இருக்கிறார், வந்த 36 பேரும் அவுட். அப்படி எறிந்தவர் அவருக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. பதின்மூன்றாவதில் மூன்றாம் பேஸ்காரர் எறிந்தது தவறிப்போய் ஒருவர் முதல் பேஸில் நின்றார், அடுத்தவர் பந்தைத் தட்டிவிட்டு அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார், ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள், அதாவது அடிக்காமலே முதல் பேஸுக்குப் போக விட்டார்கள், அடுத்து வந்த ஜோ ஆட்காக் வேலிக்கு மேல் அடித்தார். ஆரன் பாதி வழியில் ஓட்டத்தை விட்டுவிட்டார், ஆட்காக் அவரைத் தாண்டி ஓடிவிட்டார், அதனால் அந்த ஹோம் ரன் இரண்டாம் பேஸ் வரையான டபிள் ஆகி ஸ்கோர் 1-0 என்று நின்றது. பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரில் எழுதுவார்கள், தோல்வி ஹாடிக்ஸ் பெயரில்.

அதோடு விட்டார்களா? 1991-இல் விதியைத் திருத்தி, குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் எறிந்து, ஆட்டம் முழுவதும் முடியும்வரை ஒரு ஹிட்டும் தராதவருக்குத்தான் நோ-ஹிட்டர் என்று எழுதினார்கள். ஹாடிக்ஸ் உயிரோடு இருக்கும்போதே பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். விதி என்றால் விதிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அன்று எறிந்த பந்துகள் எறிந்தவைதான். அதனால் என் நோட்டில் அந்த ஆட்டத்தின் பன்னிரண்டு இன்னிங்ஸையும் கட்டம் கட்டமாக எழுதி வைத்தேன்.

அடுத்த வருஷம் 1960, நியூயார்க் யாங்கீஸோடு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டில். பைரேட்ஸின் மாஸராஸ்கி கடைசியில் ஹோம் ரன் அடித்து 10-9 என்று முடித்தது உன் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு ஸ்ட்ரைக் அவுட்கூட இல்லை, உலகத் தொடர் வரலாற்றில் அப்படி வேறு ஆட்டமே கிடையாது. ஒரு கே கூட இல்லாத ஸ்கோர் ஷீட்! அதில் வெற்றி யார் பெயரில் எழுதப்பட்டது தெரியுமா? கடைசியில் வந்து எறிந்த ஹாடிக்ஸ் பெயரில். இது தெரிந்த அன்றுதான் மாப்பிள்ளையை நச்சரித்துப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துக் கட்டிய கட்டடத்தில், நடக்கிற தரையிலேயே கண்ணாடிக்குக் கீழே ஹோம் பிளேட்டை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு அதன் மேலேயே நடந்து போகிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன்.

இப்போது நோட்டின் முன்பக்கம். மே 15, ஞாயிற்றுக்கிழமை, நீ நிறைமாதமாக வீட்டில் அம்மாவோடு இருந்தாய், நாங்கள் மூன்று பேரும் மைதானத்துக்குப் போனோம். எதிரணி சின்சினாட்டி, ஹண்டர் கிரீன் என்ற 22 வயதுப் பையன் எறிகிறான், நம் ஆட்கள் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. என் பக்கம் வெறும் கே-யும் எண்களுமாக நிரம்புகிறது. ஏழாவது முடிந்தபோது பேரன் என் தோளில் சாய்ந்தான், நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. ஸ்கோர் 0-0, ஆனால் குழந்தை முக்கியம், கிளம்பிவிட்டோம். காரில் மாப்பிள்ளை ரேடியோவைப் போட்டார். பேரன் என் மடியில் படுத்திருக்கிறான், நோட்டு பைக்குள் இருக்கிறது, எட்டாவது இன்னிங்ஸில் கிரீன் இரண்டு வாக் கொடுத்துவிட்டு 118 பந்தோடு வெளியே போனான், அடுத்து வந்தவர் இன்னொரு வாக் கொடுத்து மூன்று பேஸும் நிரம்பியது, பைரேட்ஸின் ஹேய்ஸ் அடித்த பந்து இரண்டாம் பேஸ்காரரிடம் உருண்டு போனது, இரட்டை அவுட் கிடைக்கவில்லை, ஒரு ரன். ஒரு ஹிட்டும் அடிக்காமல் பைரேட்ஸ் 1-0 என்று ஜெயித்துவிட்டது! மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தட்டினார், பேரன் கண் விழித்து, "தாத்தா, நாம ஜெயிச்சிட்டோமா?" என்றான். சின்சினாட்டி எட்டு இன்னிங்ஸ்தான் எறிந்தது, அதனால் அந்த 1991 விதிப்படி இதுவும் பட்டியலில் சேரவில்லை. ஹாடிக்ஸுக்குப் பக்கத்தில் இந்தப் பையனையும் எழுதி வைத்தேன்.

அந்த வாரமே சின்னவள் பிறந்துவிட்டாள், அப்புறம் நோட்டு நினைவில் வரவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கும். பெரியவனுக்கு இப்போது ஸ்கோர் எழுதத் தெரியும் என்றாயே, அவனையே நிரப்பச் சொல். மூன்று வாக், பிறகு 4-6, கீழே ரன் ஒன்று. மீதியை அவன் தேடி எடுத்து எழுதட்டும், எழுதிவிட்டுக் கூட்டிப் பார்க்கச் சொல், டேலி ஆனால் எனக்குப் போன் பண்ணட்டும். பென்சிலில் எழுதச் சொல், பேனா வேண்டாம். என் பென்சில் நோட்டின் கடைசி அட்டையில் ரப்பர் பேண்டு போட்டுச் செருகியிருக்கும், பார்.

அப்பா